சிறு நகரத்தில் வரைகலை வடிவமைப்புக் கடை நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

பட்டுக்கோட்டை போன்ற ஓர் ஊரில் வடிவமைப்புக் கடை திறப்பவர் முதல் வாரத்திலேயே எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "டிசைனுக்குத் தனியா காசா? பிரிண்ட் உங்ககிட்டதானே எடுக்கிறோம்?" கேட்பவர் மீது தவறு இல்லை. அச்சுக்கூலிக்குள் வடிவமைப்பை அடக்கி, "டிசைன் ஃப்ரீ" என்று பலகை வைத்து அந்தப் பழக்கத்தை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எங்களைப் போன்ற கடைக்காரர்களே. அதன் விளைவாக, இரண்டு மணி நேரம் கண்ணும் கழுத்தும் வலிக்கச் செய்த வேலைக்குரிய ஊதியம், அச்சகத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே கிடைக்கும் சில நூறு ரூபாய் கமிஷனில் கரைந்துபோகிறது. வடிவமைப்புக்குத் தனி விலை வாங்காத கடை சிறு ஊரில் நிலைக்காது என்பதே என் உறுதியான எண்ணம். அந்த விலையைக் கேட்கும் தகுதியை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தென்னைப் பகுதியைச் சார்ந்தவை என்றாலும், தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா தலைநகருக்கும் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

முதல் படி: ஊரைக் கணக்கெடுங்கள்

கணினி வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பேருந்து நிலையத்தில் தொடங்கிக் கடைத்தெரு, மருத்துவமனைகள் இருக்கும் சாலை, கல்யாண மண்டபங்கள், தனியார் பள்ளிகள், எண்ணெய்ச் செக்குகள், கயிறு ஆலைகள், அரிசி ஆலைகள், நகைக்கடைகள் என்று நான்கு நாள்கள் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அச்சிட்ட பொருள் என்னென்ன பயன்படுகிறது என்று எழுதுங்கள். பிறகு பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: வாழ்நாளில் ஓரிரு முறை வருபவர்கள் ஒரு பக்கம், மாதந்தோறும் வர வேண்டிய தேவை உள்ளவர்கள் மறுபக்கம். திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, புதுமனை புகுவிழா ஆகியவை முதல் வகை. பள்ளி, மருத்துவமனை, ஜவுளிக்கடை, எண்ணெய் ஆலை ஆகியவை இரண்டாம் வகை. கடையின் பெயர் பரவுவது முதல் வகையால். வாடகை கட்டுவது இரண்டாம் வகையால்.

இந்தப் பிரிவின் அருமையை எங்கள் பகுதி 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலில் கற்றது. இலட்சக்கணக்கான தென்னை மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. தென்னம்பிள்ளை நட்டால் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும் என்பதால், அந்த வருமானத்தை நம்பிய குடும்பங்கள் விழாக்களைச் சுருக்கின, கடைத் திறப்புகள் நின்றன. என் கடையில் அந்த மாதங்களில் அழைப்பிதழ் வேலையும் பேனர் வேலையும் ஏறக்குறைய இல்லாமலே போயின. பள்ளிகளின் மதிப்பெண் அட்டைகளும் மருத்துவமனைப் படிவங்களும்தான் மின்கட்டணத்தைக் கட்டின. அன்று முதல், எந்த ஒரு துறையும் என் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜெராக்ஸ் கடைகள், ஸ்டுடியோக்கள், ஃபிளெக்ஸ் இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஆகியோரைப் போட்டியாளர்களாகக் கருதி ஒதுங்க வேண்டாம். அவர்களுக்கு நேரமும் தமிழ்த் தட்டச்சும் போதாத நாள்கள் நிறைய உண்டு, அந்த நாள்களில் வேலை உங்களிடம் வரும்.

இரண்டாம் படி: குறைந்த முதலீடு, சரியான எழுத்துரு

நல்ல நினைவகமும் துல்லியமான நிறம் காட்டும் திரையும் உள்ள ஒரு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஸ்கேனர், மின்வெட்டைத் தாங்கும் யு.பி.எஸ். ஆகியவை போதும். ஃபிளெக்ஸ் இயந்திரமோ ஆஃப்செட் இயந்திரமோ வாங்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். பல இலட்சம் கடன் வாங்கி இயந்திரம் போட்டவர், அது ஓய்ந்திருக்கக் கூடாது என்பதற்காகவே எந்த விலைக்கும் வேலை எடுக்க நேர்கிறது.

மென்பொருளில் திருட்டுப் பிரதி வேண்டாம். கோரல்டிரா, ஃபோட்டோஷாப் ஆகியவற்றுக்கு உரிமம் வாங்க இயலாத தொடக்க காலத்தில் இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடலாம். அடோபி மென்பொருள்களில் தமிழ் எழுதும்போது பத்தி அமைப்பில் "வேர்ல்டு ரெடி" என்ற தெரிவை இயக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அந்தத் தெரிவு பற்றித் தெரியாமல், "இந்த மென்பொருளில் தமிழ் வராது" என்று நம்பிப் பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டவர்கள் பலர்.

பழைய எழுத்துருக்கள் என்பது தனிக் கவலைக்குரிய விஷயம். பாமினி போன்றவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியல்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடையும், தமிழுக்கென உருவான டேஸ்-16 குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை ஒரு மாதம் பொறுமையாகப் பழகினால் யூனிகோடில் வேகமாகத் தட்டச்சு செய்யலாம். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, மீரா இனிமை, அனெக் தமிழ் ஆகியவை வணிக வேலைக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றில் நான்கைந்தை மட்டும் எடுத்து ஆழமாகப் பழகுவதே நல்லது. அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளை, எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத வளைகோடுகளாக (கர்வ்ஸ்) மாற்றிவிட்டு, திருத்தத்தக்க மூலக்கோப்பை உங்களிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் ஒரு மணி நேரத்தின் விலையைக் கண்டுபிடியுங்கள்

பக்கத்துக் கடையின் விலையைக் கேட்டு அதில் ஐம்பது ரூபாய் குறைப்பது விலை நிர்ணயம் ஆகாது. மாதச் செலவை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, கடை வாடகை 5,000 ரூபாய், மின்சாரமும் இணையமும் 2,500, கணினியின் தேய்மானமும் மென்பொருளும் 4,500, பயணம், தொலைபேசி, தேநீர் 3,000, உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் எடுத்தே ஆக வேண்டிய சம்பளம் 25,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 40,000 ரூபாய் ஆகிறது. இனி நேரத்தைப் பாருங்கள். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம் கிடைப்பதாகத் தோன்றும். ஆனால் வந்தவர்களோடு பேசுவது, மாதிரி காட்டுவது, அச்சகத்துக்கு ஓடுவது, பாக்கி கேட்பது என்று அதில் பாதி போய்விடும் என்பதை ஒரு மாதம் குறித்துப் பார்த்தால் நீங்களே காண்பீர்கள். மீதமுள்ள 100 மணி நேரம்தான் 40,000 ரூபாயைச் சம்பாதிக்க வேண்டும். ஆகவே இந்தக் கடையின் ஒரு மணி நேர விலை 400 ரூபாய். அதற்குக் கீழே ஏற்கும் ஒவ்வொரு வேலையும் உங்கள் வீட்டுச் சம்பளத்திலிருந்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தள்ளுபடி.

இந்த எண் கையில் இருந்தால் மற்றவை எளிது. ஒரு மணி நேரத்தில் முடியும் பிட் நோட்டீஸ் 400 ரூபாய், இரண்டரை மணி நேரம் பிடிக்கும் பல வண்ண அழைப்பிதழ் 1,000 ரூபாய், பேச்சும் ஓவியமும் திருத்தமுமாகப் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும் ஒரு கடைச் சின்னம் 4,800 ரூபாய். ஊர் இந்த விலையைத் தாங்காது என்று தோன்றும் இடத்தில் விலையைக் குறைக்காமல் நேரத்தைக் குறைக்கும் வழியைத் தேடுங்கள். காதணி விழாவுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் நீங்களே வரைந்து வைத்த பத்துப் பதினைந்து அடிப்படை அமைப்புகள் இருந்தால், பெயரையும் நாளையும் மாற்றி முக்கால் மணி நேரத்தில் முடித்து 300 ரூபாய்க்குக் கொடுக்கலாம். முழுதும் புதிதாக வேண்டுபவர் 1,000 ரூபாய் தருவார். இரண்டு விலைகளையும் கடையில் எழுதி ஒட்டிவிடுங்கள். எழுதி ஒட்டிய விலையோடு மக்கள் குறைவாகவே பேரம் பேசுகிறார்கள்.

அடுத்ததாக, ரசீதை இரண்டு வரிகளாக எழுதுங்கள்: வடிவமைப்பு இவ்வளவு, அச்சு இவ்வளவு. மொத்தத் தொகை முன்பு வாங்கியதே ஆனாலும் முதல் ஆறு மாதம் இப்படிப் பிரித்தே எழுதுங்கள், ஏனெனில் அந்த வரி கண்ணுக்குப் பழக வேண்டும். அச்சில் நீங்கள் வைத்திருந்த மறைமுக இலாபத்தைக் குறைத்து வடிவமைப்பு வரியில் வெளிப்படையாக வையுங்கள். யாராவது "வேறு அச்சகத்தில் கொடுத்துக்கொள்கிறேன், டிசைன் மட்டும் போதும்" என்று கேட்டால் அதைத் துரோகமாக நினைக்காமல், விலையை வாங்கிக்கொண்டு பி.டி.எப். கோப்பை மனமுவந்து கொடுங்கள். வடிவமைப்பு தனியாக விற்கப்படும் பொருள் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறு இல்லை.

விலைக்குள் என்னென்ன அடங்கும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு முதல் மாதிரி, இரண்டு முறை திருத்தம், இறுதிக் கோப்பு என்று வரையறுத்துவிட்டு, மூன்றாம் திருத்தத்திலிருந்து தனிக் கட்டணம் என்று சொல்லுங்கள். கடையின் தவறால் வரும் திருத்தம் இந்தக் கணக்கில் சேராது என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள்.

நான்காம் படி: விவரச் சீட்டும் ஒப்புதலும்

சிறு ஊரில் தனி விலை கேட்கும் உரிமையைத் தருவது அழகைவிடப் பிழையின்மையே. அழைப்பிதழில் வண்ணம் சற்று மங்கினால் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தாய்மாமன் பெயர் விடுபட்டால் மூன்று தலைமுறை பேசும். ஆகவே வாய்மொழியாக விவரம் வாங்குவதை நிறுத்தி, அச்சிட்ட விவரச் சீட்டை நிரப்பச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் பெரியவர் என்றால் நீங்களே எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்குங்கள்.

அழைப்பிதழ்ச் சீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை சில உண்டு. ஆங்கிலத் தேதி, தமிழ் மாதத் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி, முகூர்த்த நேரம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் வாங்கி, அவர் சொன்னாலும் பஞ்சாங்க நாள்காட்டியோடு நீங்களே ஒப்பிடுங்கள். தமிழ் ஆண்டின் பெயர் சித்திரை முதல் நாள் மாறுவதால், மாசியில் அச்சிட்டுச் சித்திரையில் நடக்கும் திருமணத்துக்குப் பழைய ஆண்டின் பெயர் தங்கிவிடும். 2025 ஏப்ரலில் தொடங்கிய விசுவாவசு முடிந்து 2026 ஏப்ரலில் பராபவ தொடங்குகிறது. உறவினர் பெயர்களின் வரிசையை ஒருபோதும் நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன் யார் முதலில், யாருக்குப் பக்கத்தில் யார் என்பது அந்தக் குடும்பத்தின் மரியாதைக் கணக்கு. மறைந்தவர் பெயருக்கு முன் "தெய்வத்திரு" சேர்ப்பதைத் தனியாக ஒரு முறை உரக்க வாசித்து உறுதி செய்யுங்கள், ஏனெனில் உயிரோடு இருப்பவருக்கு அந்தச் சொல் விழுந்துவிட்டால் எந்த மறு அச்சாலும் அந்த மனக்காயத்தை ஆற்ற முடியாது.

கடை தொடங்கிய இரண்டாம் ஆண்டில், ஒரு மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழில் தேதி சரியாகவும் கிழமை ஒரு நாள் முன்பாகவும் 500 பிரதிகள் என் கையால் அச்சுக்குப் போயின. பாதி அழைப்பிதழ்களைக் கொடுத்த பிறகுதான் அவர்கள் கண்டுபிடித்தார்கள். மறு அச்சுச் செலவை நான் ஏற்றேன். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் அந்தத் தாயார் மீண்டும் நடந்ததை என்னால் ஈடு செய்ய முடியவில்லை. கிழமையைக் கணினி நாள்காட்டியில் பார்க்காமல் நினைவிலிருந்து தட்டியதே காரணம். அதன் பிறகு தேதி உள்ள எந்த வேலையையும் இருவர் தனித்தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திடாமல் நாங்கள் அனுப்புவதில்லை. கடையில் இரண்டாவது ஆள் இல்லாத காலத்தில் பக்கத்து மருந்துக் கடைக்காரர் வாசித்துக் கொடுத்தார்.

ஒப்புதல் வாங்கும் முறையும் முக்கியம். மாதிரியை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிச் சிறு எழுத்துகள் கலங்கிவிடும், ஆவணமாக, பி.டி.எப். வடிவில் அனுப்புங்கள். வாட்ஸப்பின் கட்டைவிரல் படக்குறியை ஒப்புதலாக ஏற்காமல், "பார்த்தோம், பிழையில்லை, அச்சிடலாம்" என்ற வாக்கியத்தை அவரே எழுதி அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தால் லேசர் பிரிண்டரில் உண்மையான அளவில் எடுத்துக் கொடுத்து, வீட்டில் மூவர் வாசிக்கட்டும் என்று ஓர் இரவு அவகாசம் கொடுங்கள்.

தமிழ்ப் பிழை திருத்துவதை உங்கள் கடையின் தனிச் சிறப்பாக ஆக்கிக்கொள்ளுங்கள். "பத்திரிக்கை" அன்று, "பத்திரிகை"; "சுவற்றில்" அன்று, "சுவரில்". ஒற்று மிகும் இடங்களும் ர, ற வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கிறார் என்று பெயர் வாங்கினால், பள்ளி ஆண்டு மலரும் கோயில் குடமுழுக்கு அழைப்பும் தேடி வரும். ஆட்பெயரில் மட்டும் இலக்கணம் பார்க்க வேண்டாம். அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: அச்சகத்தோடு உறவு

வாழ்த்து அட்டை, நாள்காட்டி, பல வண்ண லேபிள் ஆகியவற்றில் பெருமளவு வேலைக்குச் சிவகாசியே விலையிலும் திறனிலும் முன் நிற்கிறது. ஒரு முறையாவது நேரில் போய் மூன்று அச்சகங்களைப் பாருங்கள். குறைந்த அளவு எத்தனை பிரதி, எந்தக் கிழமையில் எந்த அளவுத் தாளை ஒன்றுசேர்த்து ஓட்டுகிறார்கள், பார்சல் எத்தனை நாளில் வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் நாளோடு மூன்று நாள் கூட்டியே வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். அவசரமான 100, 200 பிரதி வேலைகளுக்குத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு டிஜிட்டல் அச்சகத்தைப் பழக்கத்தில் வைத்திருங்கள்.

அச்சகம் திருப்பி அனுப்பாத கோப்பை அனுப்புவது உங்கள் பொறுப்பு. படங்கள் உண்மை அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், நிறங்கள் சி.எம்.ஒய்.கே. என்னும் நான்கு மை முறையில், நான்கு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல் என்பவை அடிப்படை. ஃபிளெக்ஸுக்கு அத்தனை புள்ளிகள் தேவையில்லை. உண்மை அளவில் 72 முதல் 100 போதும், மேலே போனால் கோப்புதான் கனக்கும். கறுப்பு எழுத்துகளை எப்போதும் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். நான்கு நிறமும் கலந்த கறுப்பில் சிறு எழுத்துகள் அச்சானால், அச்சுத் தகடு ஓர் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தெரியும். தமிழ் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. ணை, ஞ, ஐ போன்றவற்றின் உள்வெளி மையால் அடைபடும். எனவே அடர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்தை 8 பாயிண்ட் எழுத்தளவுக்குக் கீழே வைக்க வேண்டாம். துணிப்பையில் ஸ்கிரீன் அச்சுக்கு இன்னும் தடிமனாக, இன்னும் பெரிதாக வைக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு தடை விதித்த பிறகு ஜவுளிக்கடைகளும் திருமண வீடுகளும் துணிப்பைக்குத் திரும்பி வருவதால், தாம்பூலப் பை வடிவமைப்பு ஒழுங்கான வருமானமாகியிருக்கிறது.

ஆறாம் படி: பருவத்தைக் கணக்கிட்டு நேரத்தைப் பங்கிடுங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் திருமண வேலை இராது, புரட்டாசியும் மெலிவுதான். தை, மாசியில் சம்பா அறுவடைப் பணம் புழங்கும்போது ஒரே வாரத்தில் இருபது அழைப்பிதழ்கள் வரும். சிவகாசியில் புதிய நாள்காட்டி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியாவதால், ஆடியின் ஓய்வை அந்த ஆல்பங்களோடு கடைகடையாக ஏறி நாள்காட்டி ஆர்டர் பிடிக்கப் பயன்படுத்துங்கள். மார்ச் மாதத்திலேயே பள்ளிகளைப் பார்த்தால் ஏப்ரல், மே மாதச் சேர்க்கை விளம்பரம் உங்களுடையது.

பருவமே இல்லாத வேலை ஒன்று உண்டு: கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி வரும்; விடிவதற்குள் ஒட்டியாக வேண்டும். அதற்காகவே வடிவமைத்த மூன்று அமைப்புகளை ஆயத்தமாக வைத்திருங்கள். மங்கிய அடையாள அட்டைப் படத்திலிருந்து முகத்தை மீட்டெடுக்கும் பயிற்சி இங்கேதான் தேவைப்படுகிறது. பல வீடுகளில் அந்த முதியவருக்கு அதுவே கடைசிப் படமாகச் சட்டமிட்டுச் சுவரில் தொங்கும். இந்த வேலைக்கு இரவுக் கட்டணம் என்று நான் வாங்குவதில்லை. வழக்கமான வடிவமைப்பு விலையை மட்டும், அதுவும் காரியம் முடிந்த பிறகு வாங்குகிறேன், அது தவறியதில்லை.

ஏழாம் படி: லேபிள் வேலையில் ஆழமாக இறங்குங்கள்

ஊரில் வடிவமைப்புக்குத் தனி விலையை முதலில் புரிந்துகொள்பவர்கள், பொருளைப் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கும் சிறு உற்பத்தியாளர்கள்தான். செக்கெண்ணெய், மசாலாத் தூள், கருவாடு, கடலை மிட்டாய் என்று மகளிர் குழுக்களும் இளைஞர்களும் தொடங்கும் தொழில்களுக்கு ஒரு நல்ல லேபிள், விற்பனைக்கும் தேங்கலுக்கும் இடையிலான வேறுபாடாக இருக்க முடியும். ஆனால் அழகான லேபிளில் ஒரு விவரம் விடுபட்டால் சரக்கையே கடைக்காரர் திருப்பி அனுப்புவார். ஆகவே சட்ட விவரங்களை நீங்கள் அறிந்திருப்பதே உங்கள் விலையின் நியாயம்.

உணவுப் பொருள் லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள் அளவின் இறங்கு வரிசையில், ஊட்டச்சத்து விவரம் தேவைப்படும் பொருளுக்கு அது, சைவமா அசைவமா என்பதைக் காட்டும் குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னமும் 14 இலக்க உரிம எண்ணும், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய இறுதி நாள் ஆகியவை வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் சட்டமுறை எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவையும் வேண்டும். நிகர அளவின் எண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு என்பதால், அழகுக்காக அதைச் சுருக்க முடியாது. நாளும் விலையும் ஒவ்வொரு முறையும் மாறும். அவற்றுக்கு மை முத்திரை பதியும்படி வண்ணமில்லாத வெள்ளைக் கட்டம் விட்டு வடிவமையுங்கள். பட்டைக்குறியீடு வேண்டுமென்றால் ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பிடம் பதிந்து 890 என்று தொடங்கும் எண்ணை வாங்கச் சொல்லுங்கள். இணையத்தில் உருவாக்கிய போலிக் குறியீட்டைப் பெரிய கடைகள் ஏற்பதில்லை.

பெயரை வரைவதற்கு முன்பே வணிகக்குறிப் (டிரேட் மார்க்) பதிவேட்டின் இணையதளத்தில் அந்தப் பெயர் வேறு எவரிடமும் இல்லையா என்று தேடிக் கொடுங்கள். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழியில் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணத்தில் வணிகக்குறிப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். கேன்வா போன்ற தளங்களின் ஆயத்தச் சின்னங்களை அப்படியே எடுத்துக் கொடுக்க வேண்டாம். அதே சின்னத்தை யாரும் பயன்படுத்தலாம் என்பதால் அதை வணிகக்குறியாகப் பதிய இயலாது. மேலும், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ஆகவே முழுத் தொகையும் வந்தவுடன் சின்னத்தின் உரிமையை மாற்றித் தருவதாக ஒரு பக்கக் கடிதம் கையெழுத்திட்டுக் கொடுங்கள். இந்தத் தேடலையும் சட்ட விவரப் பட்டியலையும் கடிதத்தையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விலை சொன்னபோது, வடிவமைப்புக்குக் காசா என்று கேட்ட உற்பத்தியாளர் ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை.

எட்டாம் படி: மறுக்க வேண்டிய வேலைகள்

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியின்றிக் கட்டப்பட்ட பேனர் விழுந்து, வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய 23 வயதுப் பெண் லாரியில் சிக்கி உயிரிழந்தார். எந்தக் கடையிலோ யாரோ வடிவமைத்த பேனர் அது. சாலையில் வைக்கும் பேனருக்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி எண்ணை வாங்கி, அதை அடியில் அச்சிடாமல் கோப்பை விடுவிக்க வேண்டாம். மண்டபத்துக்குள் வைக்கும் மேடைத் திரைக்கு இந்தத் தடை இல்லை.

தேர்தல் காலத்தில், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் இருக்க வேண்டும் என்கிறது. வெளியிடுபவர், தம்மை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பமிட்ட உறுதிமொழியை இரண்டு பிரதிகளில் அச்சிடுபவரிடம் தர வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் உறுதிமொழி இல்லாமலும் முழுப் பணம் இல்லாமலும் வேலையைத் தொட வேண்டாம்.

கடைப் பெயர்ப்பலகை வடிவமைக்கும்போது, தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற அளவு விகிதத்தைத் தமிழ்நாட்டு விதிகள் கேட்கின்றன என்பதை உரிமையாளருக்குச் சொல்லுங்கள். தமிழைப் பெரிதாக எழுதினால் பலகை கெட்டுவிடும் என்று அஞ்சுபவருக்கு இரண்டு மாதிரிகளை வரைந்து காட்டுங்கள். நல்ல தமிழ் எழுத்துரு அவரது எண்ணத்தை மாற்றிவிடும்.

ஒன்பதாம் படி: பணமும் பதிவும்

வேலை தொடங்கும் முன் பாதி, கோப்போ சரக்கோ கைமாறும் முன் மீதி என்ற விதியை உறவினருக்கும் விலக்காதீர்கள். பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் மாதக் கணக்கு தவிர்க்க முடியாது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் சீட்டு வாங்கி மாத இறுதியில் ரசீது கொடுங்கள். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு கட்டணமற்றது, ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்திலேயே முடிவது. பதிந்த குறுந்தொழிலுக்கு, வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. இந்த வரியை ரசீதின் அடியில் அச்சிட்டதிலிருந்து எனக்குப் பாக்கி கேட்டு நடக்கும் நடை குறைந்திருக்கிறது.

சேவையும் சரக்கும் கலந்த கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், பதியாதவர் ரசீதில் வரி வாங்கக் கூடாது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. 80,000 ரூபாய்க்கு நாள்காட்டி அச்சிடும் ஆர்டரை உங்கள் ரசீதில் காட்டினால், அதில் உங்கள் ஊதியம் 6,000 ரூபாயாக இருந்தாலும் முழுத் தொகையும் உங்கள் விற்றுமுதலில் சேரும். பெரிய அச்சு வேலைகளில் அச்சகமே வாடிக்கையாளருக்கு நேரடியாக ரசீது போடட்டும். நீங்கள் வடிவமைப்பு, மேற்பார்வைக் கட்டணத்தை மட்டும் தனியாக வாங்குங்கள். அச்சக விலையை வாடிக்கையாளர் அறிந்துகொள்வாரே என்ற அச்சம் தனி விலைக்கு மாறிய கடைக்குத் தேவையில்லை.

பத்தாம் படி: கோப்புகளைப் பாதுகாத்தல்

ஒவ்வொரு வேலைக்கும் ஆண்டு, மாதம், வாடிக்கையாளர் பெயர், வேலை என்ற ஒரே ஒழுங்கில் கோப்புறைப் பெயர் வைத்து, விவரச் சீட்டின் படத்தையும் ஒப்புதல் செய்தியையும் அதற்குள்ளேயே போடுங்கள். வாரந்தோறும் ஒரு புறவட்டில் நகலெடுத்து அதை வீட்டில் வையுங்கள். கடலோர மாவட்டத்தில் கடையும் நகலும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. புயலுக்குப் பிறகு நனைந்த கணினியோடு உட்கார்ந்திருந்தபோது, என் வீட்டுப் பரணில் துணியில் சுற்றி வைத்திருந்த வட்டிலிருந்துதான் இரண்டு பள்ளிகளின் படிவங்களை எடுத்து, டிசம்பரில் மீண்டும் வேலையைத் தொடங்கினேன்.